மணல் சேர்ந்த கரையும் கடல் கொண்ட கரையும்

சென்னைக்கு வரும் உறவினரோ நண்பரோ, "ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை?" என்று வினவினால், நம் அனைவரின் நாவிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் எழும். மெரினாக் கடற்கரை, கலங்கரை விளக்கம், சாந்தோம் தேவாலயம், விவேகானந்தர் இல்லம், தலைவர்களின் நினைவிடங்கள், புனித ஜார்ஜ் கோட்டை. சுற்றுலாக் கையேடுகளும் இவற்றையே வரிசைப்படுத்துகின்றன. கோட்டையைத் தாண்டி உயர்நீதிமன்றம் வரை சில கையேடுகள் செல்லும். அதற்கு வடக்கே ஊர் முடிந்துவிட்டதைப் போன்ற அமைதி.

இந்தப் பட்டியல் ஏன் துறைமுகத்தின் தெற்கு மதிலோடு நின்றுவிடுகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தால், சென்னையின் கடற்கரைக் காட்சிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு வரலாறு கிடைக்கிறது. அரசர்களும் ஆளுநர்களும் அதில் உண்டு. ஆயினும் அதன் தலைமை மாந்தர் மணல்தான்.

மணலின் பயணம்

சோழமண்டலக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாகக் கரையை மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் சிறிது மணலை வடக்கு நோக்கித் தள்ளிவிட்டுப் பின்வாங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஓட்டம் திரும்பித் தெற்கு நோக்கிச் செல்கிறது. ஆனால் அந்தக் காலம் குறுகியது. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே சென்ற மணல்தான் மிகுதி. இடையில் தடையேதும் இல்லாதவரை, தெற்கிலிருந்து வந்த மணல் ஒரு கரைக்கு ஊட்டம் தந்துவிட்டு அடுத்த கரைக்குச் சென்றது. சென்றதை ஈடுசெய்யப் புது மணல் வந்துகொண்டிருந்தது.

சென்னையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. 1639ஆம் ஆண்டு தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே பெற்ற நிலம், கப்பல் அணைய வழியில்லாத வெற்று மணற்கரை. கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. பண்டங்களும் பயணிகளும் மசூலாப் படகுகளில் கரை சேர்ந்தனர். ஆணி அடித்த படகு அந்த அலைகளில் உடைந்துவிடும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து உருவாக்கிய படகு அது. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். கடிதங்களைக் கூம்பு வடிவத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு கட்டுமரத்தில் கப்பலுக்குச் சென்று வந்தவர்களும் இக்கரையின் மீனவர்களே. ஆங்கிலத்திற்குக் 'கட்டுமரம்' என்ற சொல்லைக் கொடையாகத் தந்த கரை இது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெருநகரத்தின் கடல் வணிகம் முழுவதும் இம்மக்களின் தோள்களில் நடந்தது.

1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. 1868, 1872ஆம் ஆண்டுகளின் புயல்கள் அதைச் சிதைத்தன. பின்னர், கடலுக்குள் இரு கைகளை நீட்டி நீரை அணைத்தாற் போன்ற செயற்கைத் துறைமுகம் கட்டுவதென முடிவாயிற்று. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் அடிக்கல் நாட்டினார். 1876இல் பணி தொடங்கியது. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் சுவர்களைப் பிளந்து போட்டது. எனினும் பணி கைவிடப்படவில்லை. உடைந்தவை மீண்டும் எழுப்பப்பட்டன.

கப்பல்களுக்காக எழுந்த அச்சுவர் மணலின் வழியையும் மறித்தது. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரின் தென்புறத்தில் தேங்கியது. வடக்கே செல்ல வேண்டிய மணல் செல்லவில்லை. ஆனால் வடகரையின் மணலை அலைகள் எப்போதும்போல் எடுத்துச் சென்றுகொண்டே இருந்தன. தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே கரை தேய்ந்தது. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்துபோகவே, 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அது மூடப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் அமைந்தது. கப்பலுக்கு வேறு வாயில் கிடைத்தது. வடகரைக்கு வர வேண்டிய மணலுக்கு வழி பிறக்கவில்லை.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு, மணல் செல்லும் திசையிலேயே நாமும் தெற்கிலிருந்து வடக்காகச் செல்வோம்.

மயிலையும் சாந்தோமும்

பட்டியலில் உள்ள இடங்களுள் மிகப் பழைய மரபுடையது மயிலை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம், மயிலையில் ஆண்டு முழுவதும் நிகழ்ந்த விழாக்களைப் பட்டியலிடுகிறது. மாசித் திங்களின் கடலாட்டு அவற்றுள் ஒன்று. கடல் அன்று அவ்வூரின் வழிபாட்டிலேயே இடம்பெற்றிருந்தது. சாந்தோம் பகுதியில் கிடைத்துள்ள சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகளைக் கொண்டு, பழைய கபாலீச்சரம் கடலோரத்தில் இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுவர். இன்று நாம் வணங்கும் கோயில் பிற்காலத்தில் சற்று உள்ளே தள்ளி எழுப்பப்பட்டது.

புனித தோமையாரின் கல்லறை என்று போற்றப்படும் இடத்தில் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் எழுப்பிய தேவாலயம் அகற்றப்பட்டு, இன்றைய வெண்ணிறக் கோபுர ஆலயம் 1896இல் திருநிலைப்படுத்தப்பட்டது. இதன் பின்புறம் சென்று கடலைப் பார்க்கத் தவறாதீர்கள். அங்கிருந்து வடக்கே நோக்கினால் கரை மெல்ல மெல்ல அகன்றுகொண்டே செல்வதைக் காணலாம்.

கலங்கரை விளக்கம்

மெரினாவின் தென்கோடியிலுள்ள கலங்கரை விளக்கம் சென்னையின் நான்காவது விளக்கம். முதலாவது, 1796இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. இரண்டாவது, உயர்நீதிமன்ற வளாகத்தில் தனித்து நிற்கும் கல்தூண், 1844இல் ஒளிர்ந்தது. மூன்றாவது, 1894 முதல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் குவிமாடத்தில் எரிந்தது. 1977இல் அது ஓய்வுபெற, இன்றைய முக்கோணக் கோபுரம் பணியேற்றது. 2013ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு இது திறந்துவிடப்பட்டது. மின்தூக்கியில் சென்று மேலிருந்து பார்த்தால், நாம் பேசிவரும் மணல்வெளி முழுவதும் ஒரே பார்வையில் விரியும்.

அங்கிருந்து தெரியும் மற்றொன்றையும் காண வேண்டும். நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்தியாக்குப்பம் என அடுத்தடுத்து அமைந்த மீனவர் குப்பங்கள் அவை. 'மெரினா' என்ற பெயர் பிறக்கும் முன்பே இக்கரையில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கிறார்கள். 1985ஆம் ஆண்டு, கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டபோது மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நடைப்பயிற்சிக்கு வந்தவர்களோடு இக்குப்பத்து மக்களும் மாண்டனர்.

பழைய கரையின் எல்லைக்கோடு

காமராசர் சாலையில் நடப்போருக்கு எளிய அடையாளம் ஒன்று சொல்கிறோம். சாலையின் மேற்குப் புறத்தில் வரிசையாக நிற்கும் பழைய கட்டடங்கள் அனைத்தும் ஒரு காலத்தில் ஏறக்குறையக் கடலோரத்தில் நின்றவை. கிழக்குப் புறத்தில் நாம் காண்பதில் பெரும்பகுதி, துறைமுகச் சுவர் எழுந்த பிறகு சேர்ந்த மணல். துறைமுகம் வருமுன் அலைகள் இன்றைய சாலைக்கு மிக அருகே வந்து சென்றன. இன்று சராசரியாக 300 மீட்டர் மணலைக் கடந்தால்தான் கால் நனையும்.

விவேகானந்தர் இல்லம் இதற்கு நல்ல சான்று. 1842இல் இது பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. பிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், தம் நாட்டின் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டிகளைக் கப்பலேற்றி இங்கு அனுப்பினார். துறைமுகம் இல்லாத காலத்தில், அலைகளினூடே கரைசேர்த்த பனிக்கட்டி உருகும் முன் உள்ளே சென்றாக வேண்டும். கிடங்கு கடலோரத்தில் அமைந்ததன் காரணம் அதுவே. பின்னர் வழக்குரைஞர் பிலிகிரி ஐயங்காரின் உடைமையான இம்மாளிகையில், 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கினார். இன்று அதன் வாயிலில் நின்று கடலைத் தேடினால், சாலைக்கும் பரந்த மணலுக்கும் அப்பால் ஒரு நீலக் கோடாகத்தான் அது தெரிகிறது.

இங்கிருந்து மேற்கே சிறிது நடந்தால் திருவல்லிக்கேணி பார்த்தசாரதிப் பெருமாள் கோயில். பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இங்குள்ளது. கம்பெனியார் வருவதற்கு எட்டு நூற்றாண்டுகள் முன்பே இங்கு ஊரும் கோயிலும் இருந்தன என்பதற்கு அக்கல்லே சாட்சி. சென்னையின் வரலாறு 1639இல் தொடங்குகிறது என்போருக்கு அதைக் காட்டலாம்.

சாலையில் மேலும் வடக்கே சென்றால், 1768இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை. அதையடுத்துப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம். இராபர்ட் சிசோம் வடிவமைத்த இது 1874 முதல் 1879 வரை கட்டப்பட்டது. அதே சிசோமின் மாநிலக் கல்லூரிக் கட்டடம் சற்றுத் தெற்கே உள்ளது. மூன்றும் துறைமுகப் பணி நிறைவேறும் முன்பே எழுந்தவை. இவற்றைக் கட்டியோர் கற்பனையில் இப்பெரும் மணல்வெளி இருந்திருக்க முடியாது.

சேறும் மணலுமாகக் கிடந்த கரையை, 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் உலாச்சாலையாக மாற்றினார். 1884ஆம் ஆண்டு அதற்கு, சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரைகளின் நினைவாக 'மெரினா' என்று பெயரிட்டார். கரை அகன்று வந்ததற்குக் காரணமான சுவர் அப்போது பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

மக்களின் மணல்

தற்செயலாகக் கிடைத்த இந்த நிலத்தை நகரம் வீணாக்கிவிடவில்லை. 1923 மே முதல் நாள், இந்தியாவின் முதல் தொழிலாளர் தினக் கூட்டங்களைச் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நடத்தினார். அவர் அயோத்தியாக்குப்பத்து மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இன்று அக்கரையில் நிற்கிறது. விடுதலைப் போராட்டக் காலத்தில் திலகர் திடலில் எத்தனையோ கூட்டங்கள் நிகழ்ந்தன. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கண்ணகி முதலியோரின் சிலைகள் சாலையோரம் எழுந்தன. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இலட்சக்கணக்கில் திரண்டதும் இங்கேதான்.

வடகோடியில் தலைவர்களின் நினைவிடங்கள் அமைந்துள்ளன. 1969இல் அறிஞர் அண்ணா, 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கலைஞர் கருணாநிதி என நான்கு முதலமைச்சர்கள் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களைத் தாங்கும் மண்ணும் பெரும்பாலும் அந்தச் சுவர் தேக்கிய மணலே. தமிழகத்தின் ஒரு நூற்றாண்டு அரசியல் முழுவதும் வடகரைக்குப் போயிருக்க வேண்டிய மணலின் மேல் நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

கோட்டையும் உயர்நீதிமன்றமும்

1640இல் எழத் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலருகே அன்று அலைகள் வந்து மோதின. கடலுக்கென்றே ஒரு வாயில் இருந்தது. 1680இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித மேரி தேவாலயம் கோட்டைக்குள் காண வேண்டிய முதன்மை இடம். பீரங்கிக் குண்டுகளைத் தாங்கும் தடித்த வளைவுக் கூரை கொண்டது. 1753இல் இராபர்ட் கிளைவின் திருமணம் இங்கு நிகழ்ந்தது. இன்று கோட்டைக்கும் கடலுக்கும் இடையே சாலையும் துறைமுக நிலமும் கிடக்கின்றன.

1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் குவிமாடங்களைப் பார்த்தபின், அதன் கிழக்கு மதிலிலுள்ள ஒரு சிறு கல்லையும் காணுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளின் நினைவுக்கல் அது.

கையேடுகள் நம்மைத் திருப்பி அனுப்பும் இடம் இது. நாம் திரும்பாமல் செல்வோம்.

சுவரின் மறுபுறம்

இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே. அருகில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த புனித இராயப்பர் ஆலயம் உள்ளது. இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர் வழங்கிய பெயர். மசூலாப் படகோட்டிகள் தம் வருவாயில் சேர்த்த பொருளால் எழுப்பிய ஆலயம் இது. அலைகளோடு போராடி ஈட்டிய காசு கோபுரமாக நிற்பதைச் சென்னையில் வேறெங்கும் காண இயலாது.

அப்படகோட்டிகளின் தொழில் துறைமுகம் வந்ததும் தேய்ந்தது. அத்துடன் அவர்கள் கால்பதித்த கரையும் தேய்ந்தது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. வலை உலர்த்திய மணலும், குப்பத்தின் முன்வரிசை வீடுகளும், சாலையின் விளிம்பும் கடலுக்குள் சென்றன. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. தூண்டில் வளைவுகள் அமைந்தன. ஓரிடத்தில் கல் போட்டால் அதற்கு வடக்கே அரிப்பு நகர்கிறது. காரணம் முன்னரே கண்டதுதான்: மணலின் வழியில் மற்றொரு தடை. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியபின் இக்கதை அதற்கும் வடக்கே தொடர்கிறது.

இடையில், 1984இல் செயல்படத் தொடங்கிய காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியற்காலையில் விசைப்படகுகள் கரைசேரும் நேரத்தில் அங்கு எழும் ஏல ஓசையும் கூடைகளின் வரிசையும் இந்நகரின் உயிர்ப்புள்ள காட்சிகளுள் ஒன்று.

பயணத்தின் முடிவு திருவொற்றியூர். அங்குள்ள ஆதிபுரீசுவரர் கருவறை, முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட தூங்கானைமாட விமானம் உடையது. சதுரானன பண்டிதரின் வேண்டுகோளின்படி அதைக் கட்டிய தச்சனின் பெயரையும் கல்வெட்டு நமக்குச் சொல்கிறது: இரவி என்னும் வீரசோழத் தச்சன். பெயர் தெரியாத சிற்பிகளுக்காக ஏங்கும் நம்மைப் போன்றோருக்கு இது எவ்வளவு பெரிய பேறு! மாமல்லபுரம் செல்லும் பேருந்துகளில் பாதியளவேனும் இவ்வழி வரக்கூடாதா என்று எங்கள் குழுவினர் ஏங்குவதுண்டு.

கோயிலிலிருந்து கடலை நோக்கி நடந்தால் பட்டினத்தாரின் சமாதி. மரபின்படி அவர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர். அப்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலைக் காப்பியம் சொல்கிறது. சோழ மன்னன் இந்திர விழாவை நடத்தத் தவறினான். தெய்வத்தின் சினத்தால் ஊர் கடலுக்குள் போயிற்று என்பது காப்பியம் காட்டும் காரணம். அந்தக் கடல்கோளுக்காக நாம் இன்றும் வருந்துகிறோம், ஆய்வு செய்கிறோம், கவிதை எழுதுகிறோம். நம் ஊரிலேயே, நம் பாட்டனார் காலந்தொட்டு நிகழும் கடல்கோள் நம் கண்ணில் படுவதில்லை. இதற்குத் தெய்வத்தின் சினம் காரணமன்று. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு அடிக்கல் நாட்டிய ஆண்டும் தெரிகிறது.

துறைமுகம் தவறு என்பது எங்கள் வாதமன்று. அது இல்லையேல் இன்றைய சென்னை இல்லை. ஆனால் ஒரு கரை பெற்றது மறுகரை இழந்தது என்ற கணக்கு எழுதப்பட வேண்டும். வடசென்னையின் கடலரிப்பை அப்பகுதி மக்களின் தலைவிதியாகவும், மெரினாவை இயற்கை நமக்கு அளித்த கொடையாகவும் பேசுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. இரண்டும் ஒரே சுவரின் இருபுறங்கள். புதிய துறைமுகங்களும் விரிவாக்கத் திட்டங்களும் பேசப்படும் இக்காலத்தில், மணல் எங்கிருந்து வந்து எங்கே செல்லும் என்ற கேள்வியை முதலில் கேட்க அக்கணக்கு நமக்குக் கற்றுத்தரும்.

எனவே சென்னைக்கு வரும் விருந்தினரை அழைத்துச் செல்லும் வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. மாலையில் மெரினா மணலில் நடந்தால், மறுநாள் காலை இராயபுரத்தையும் காசிமேட்டையும் கண்டு, திருவொற்றியூர் வரை சென்று வாருங்கள். இராயப்பர் ஆலயத்தையும் வீரசோழத் தச்சனின் விமானத்தையும் பார்த்துவிட்டு, கருங்கற்கள் அடுக்கிய கரையிலும் சிறிது நேரம் நில்லுங்கள். முதல் நாள் மாலை நாம் நடந்த மணல் அங்கே வந்து சேர வேண்டியது என்பதை உடன் வந்தவர்க்கும் சொல்லுங்கள்.